‘கொட’ என்று எழுதும் குழந்தைக்குக் ‘குடை’ எழுதக் கற்றுத்தருவது எப்படி? தொடக்கப்பள்ளித் தமிழ் எழுத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை, வீட்டுக் கன்றைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“எங்க வீட்டுல ஒரு கன்னுகுட்டி இருக்கு. அது வெள்ள நெரம். நேத்து மழ பேஞ்சுது. நான் கொட புடிச்சேன். அதற்க்கு புல் குடுத்தேன்.”

மொத்தம் 17 சொற்கள். அவற்றில் 13 பிழை. பதின்மூன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, “ஒவ்வொன்றையும் பத்து தடவை எழுதிட்டு வா” என்று அனுப்புவதுதான் வழக்கம். அவளும் 130 சொல்லை எழுதி வருவாள். அடுத்த வாரம் மறுபடி ‘நேத்து’ என்றே எழுதுவாள்.

ஏன் என்று பாருங்கள். அந்த 13 பிழைகளில் ‘அதற்க்கு’ ஒன்றைத் தவிர மற்ற 12 சொற்களும் அவள் வாயில் எப்படி வருகின்றனவோ அப்படியே தாளில் இறங்கியிருக்கின்றன. காதில் விழும் ஒலிக்குச் சரியான எழுத்தைப் போட அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு என்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியையும் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம்.

குழந்தைகளின் எழுத்துப்பிழை மூன்று இடங்களில் பிறக்கிறது. எழுத்தின் வடிவம் வசப்படாததால் வருவது கைப்பிழை. பேச்சு வடிவம் அப்படியே நோட்டில் இறங்குவது காதுப்பிழை. ஒலியில் பிரித்தறிய முடியாத ர-ற, ந-ன போன்றவை கண்ணில் பதியாததால் வருவது கண்பிழை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது எந்தப் பிழை என்று பார்க்காமல் பத்து முறை எழுத வைத்தால் கை வலிப்பதுதான் மிச்சம்.

பென்சிலுக்கு முன்

ஐந்து வயதுக் குழந்தையின் விரல்களுக்குப் பென்சிலைக் கட்டுப்படுத்தும் வலு முழுமையாக வந்திருக்காது. முதல் நான்கு வாரம் நோட்டு வேண்டாம். களிமண் உருட்டுவது, புளியங்கொட்டையை இரண்டு விரலால் எடுத்துப் புட்டியில் போடுவது, காகிதத்தைக் கோட்டின்மேல் கிழிப்பது, புள்ளிக் கோலத்தின் புள்ளிகளை இணைப்பது ஆகியவை போதும். அகலமான தாம்பாளத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மணலோ ரவையோ பரப்பி, ஆள்காட்டி விரலால் கோடுகள் போடவையுங்கள்: நிற்கும் கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, அரைவட்டம், சுழி. கோடு மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் போக வேண்டும். இந்தத் திசைப் பழக்கம் இங்கே பிடிபடாவிட்டால், பிறகு எழுத்தைக் கீழிருந்து தொடங்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதை மாற்றுவது பெரும் பாடு.

பென்சில் தரும்போது முழுநீளப் பென்சில் வேண்டாம். பாதி தேய்ந்தது சின்னக் கைக்கு அடங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் அடியில் தாங்க வேண்டும். பிடி, கூரிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஆள்காட்டி விரல் நுனி வெளுத்துப்போகிறது என்றாலோ, எழுதியது தாளின் பின்பக்கம் மேடாகத் தெரிகிறது என்றாலோ குழந்தை அழுத்துகிறது. இரண்டு நாள் சிலேட்டுக்குத் திரும்புங்கள்.

இடக்கைக் குழந்தையை வலக்கைக்கு மாற்றாதீர்கள். நோட்டை வலப்பக்கம் சாய்த்து வைத்து, பென்சிலை இன்னும் ஒரு செ.மீ. மேலே பிடிக்கச் சொன்னால் எழுதியது கைக்குள் மறையாது. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். இல்லையென்றால் பக்கத்துக் குழந்தையின் முழங்கையோடு மோதிக்கொண்டே இருக்கும்.

அகரவரிசை வேறு, எழுதும் வரிசை வேறு

விஜயதசமி அன்று அரிசியில் ‘அ’ எழுதித் தொடங்குவது அழகான வழக்கம், அது நடக்கட்டும். ஆனால் கைக்கு வருவதில் மிகக் கடினமான எழுத்துகளில் ‘அ’வும் ஒன்று. சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நேர்க்கோடு எல்லாம் அதில் இருக்கின்றன. அகரவரிசையைப் பாட்டாக வாயில் சொல்லட்டும். கை மட்டும் எளிய வடிவத்திலிருந்து தொடங்கட்டும்.

முதலில் ட, ப, ம. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு: ட. அந்தக் கோட்டை மேலே ஏற்றினால் ப. ஏறியது இடப்பக்கம் வளைந்து அடிக்கோட்டைத் தொட்டால் ம. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று எழுத்து வந்துவிட்டது. இந்த மூன்றோடு புள்ளியையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் எழுதலாம். இரண்டாவது வாரமே பொருளுள்ள சொல்லை எழுதும் குழந்தையின் முகத்தைப் பார்த்தால் இந்த வரிசை ஏன் என்று புரியும்.

அடுத்து ர, க, த, ச, ந. பிறகு வ, ல, ய, ன, ண. கடைசியில் ற, ள, ழ, ங, ஞ. உயிரெழுத்துகளை இடையிடையே சேருங்கள்; உ, எ, ஏ எளியவை, இ, ஈ, அ, ஆ, ஐ பின்னால். வாரத்துக்கு மூன்று எழுத்துக்கு மேல் வேண்டாம். புதிய எழுத்து வந்ததும் தெரிந்த எழுத்துகளோடு சேர்த்து ஐந்தாறு சொல் எழுத முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த எழுத்தை இன்னும் தள்ளிப் போடுங்கள்.

வடிவத்தில் அடிக்கடி குழம்பும் இணைகள் இவை: ர-வும் துணைக்காலும் (‘ரா’வை இரண்டு கால்போல எழுதுவார்கள், ர-வுக்கு அடியில் சாய்ந்த பாதம் உண்டு, துணைக்காலுக்கு இல்லை), ழ-வும் மு-வும், எ-யும் ஏ-யும், ன-வும் ண-வும். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று சுழியை வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுதட்டும். எண்ணாமல் எழுதினால் நான்கு சுழியும் வரும்.

நோட்டு: முதல் வகுப்பில் பெரிய கட்டம் போட்டது, பிறகு இரட்டைக் கோடு, மூன்றாம் வகுப்பிலிருந்து ஒற்றைக் கோடு. இரட்டைக் கோட்டில் எழுத்தின் உடல் இரண்டு கோட்டுக்கும் நடுவே. கி-யின் கொக்கி மேல்கோட்டுக்கு மேலே. ழ, ற, சு, பு போன்றவற்றின் வால் கீழ்க்கோட்டுக்கு அடியில். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதிக் கையெழுத்து திருந்திவிடும்.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழுச் சொல்லையும் எழுதிவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் புள்ளி வைக்கும் குழந்தை, ஒன்றிரண்டைக் கட்டாயம் விட்டுவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் மெய்யெழுத்தை எழுதியதும் அங்கேயே புள்ளி வைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகப் பழக்குங்கள். விட்டுவிட்டால், “எழுதினபடி படி” என்று சொல்லுங்கள். ‘படடம’ என்று படித்ததும் தானே சிரித்துக்கொண்டு திருத்தும்.

உயிர்மெய்: குறியைப் படிப்பித்தால் போதும்

216 உயிர்மெய்யையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை. துணைக்கால் (கா), கொக்கி (கி), சுழிக்கொக்கி (கீ), ஒற்றைக்கொம்பு (கெ), இரட்டைக்கொம்பு (கே), இணைக்கொம்பு (கை) என்று குறிக்கு ஒரு வாரம் கொடுத்தால், தெரிந்த எல்லா மெய்யோடும் அதைச் சேர்த்துவிடலாம். எல்லா எழுத்துக்கும் ஒரேமாதிரி வரும் துணைக்காலில் தொடங்குங்கள்.

சிக்கல் உகரத்தில்தான். அதற்கு மூன்று குடும்பம்: கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் கோடு வளைந்து சுற்றும், சு, பு, யு, வு, ஙு ஆகியவற்றில் நேராகக் கீழே இறங்கும், து, நு, ணு, னு, லு, று, ஞு ஆகியவற்றில் கால் முளைத்து மேலேறும். குடும்பத்துக்கு ஒரு வாரம். ஊகாரத்துக்கு அடுத்த மாதம் வாருங்கள். அதில் கூ, சூ இரண்டையும் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கொம்பு. ‘கெ’ என்று சொல்லும்போது எ-ஒலி பின்னால் கேட்கிறது. எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. எனவே குழந்தை க-வை எழுதிவிட்டு, இடம் இல்லாமல் கொம்பை இடுக்கில் திணிக்கும். ‘கொ’ எழுதும்போது கொம்பை மறந்து ‘கா’ என்று விட்டுவிடும். எழுதும் முன் காற்றில் விரலால் ‘கொம்பு, க, கால்’ என்று மூன்று தட்டுத் தட்டிச் சொல்லட்டும். கெ-கே, கொ-கோ குழப்பத்துக்குக் குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுத்து ஒரு நீட்டல். கை நீண்டால் இரட்டைக்கொம்பு.

வீட்டில் தாத்தா பாட்டி சொல்லித்தருகிறார்கள் என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் லை, ளை, ணை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கைபோன்ற வளைவு போட்டும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்தும் எழுதுவார்கள். அது தவறில்லை, ஆனால் பாடநூலில் குழந்தை பார்ப்பது வேறு வடிவம் என்பதை அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

வாயிலிருந்து நோட்டுக்கு

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பேச்சு, எழுத்தாக மாறும்போது நடப்பவற்றில் பெரும்பகுதி ஒழுங்கானது. ஒழுங்கானதைக் கற்றுத்தரலாம். இரண்டாம் வகுப்பின் நடுவில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கொடுங்கள்.

*சொல்லின் கடைசி.* மழ, எல, கட என்று பேச்சில் அகரமாகக் கேட்பது எழுத்தில் ஐகாரம். பணம், மரம் என்பவற்றின் ம் மூக்கொலியாகத் தேய்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது: சொல்லோடு ‘ல’ சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ‘மழையில’, ‘கடையில’ என்று யி வந்தால் ஐ. ‘பணத்துல’, ‘மரத்துல’ என்று த்து வந்தால் ம். இதேபோல் ‘எங்க’ என்பதோடு ‘உக்கு’ சேர்த்தால் ‘எங்களுக்கு’. மறைந்திருந்த ள் வெளியே வந்துவிட்டது. ‘அவனுக்கு’, ‘அவளுக்கு’ என்பதிலும் அப்படியே. பேச்சிலிருந்தே விடையை எடுப்பதால் குழந்தைக்கு இது விளையாட்டாக இருக்கும்.

*சொல்லின் முதல்.* குடை ‘கொட’ ஆகிறது; இலை ‘எல’, இடம் ‘எடம்’, நிறம் ‘நெறம்’, விறகு ‘வெறகு’, முகம் ‘மொகம்’, உலகம் ‘ஒலகம்’. முதலெழுத்தில் இ அல்லது உ இருந்து, அடுத்த எழுத்து அ அல்லது ஐ ஒலியோடு வந்தால், பேச்சில் இ எ-ஆகவும் உ ஒ-ஆகவும் மாறுகிறது. நடுவில் ஒற்று இரட்டித்தால் மாறாது: முட்டை, குட்டை, பிச்சை, புத்தகம். விதியாக இதைச் சொல்லாதீர்கள். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘வாய்’, வலப்பக்கம் ‘நோட்டு’ என்று தலைப்பிட்டு, குழந்தைகள் சொல்லும் சொற்களை இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே போங்கள். இருபது சொல் சேர்ந்ததும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது ஒரு புதிய தவறும் வரும்: ‘செலவு’ என்பதைச் ‘சிலவு’ என்றும், ‘தொடை’யைத் ‘துடை’ என்றும் திருத்திவிடுவார்கள். செலவு, செயல், பெயர், தொடை, கொலை, தொடர் என்று மெய்யாகவே எ, ஒ உள்ள சொற்களின் சிறு பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

*நடுவில் வரும் ச்ச.* படிச்சான், அடிச்சான், வச்சான் ஆகியவை படித்தான், அடித்தான், வைத்தான். செய்துமுடித்த வேலையைச் சொல்லும்போது மட்டும்தான் இந்த மாற்றம். பச்சை, மிச்சம், பூச்சி அப்படியே நிற்கும்.

*நடுவில் வரும் த்து, ண்ணு.* காத்து, நேத்து என்பவை காற்று, நேற்று. பத்து, முத்து என்பவையோ பத்து, முத்துதான். இங்கே காது உதவாது. பாதிக்கு ஒரு வழி உண்டு: ‘று’ என்று முடியும் பெயரைப் பாருங்கள். ஆறு–ஆற்றில், சோறு–சோற்றில், வயிறு–வயிற்றில், கிணறு–கிணற்றில், சேறு–சேற்றில். மீதியை (காற்று, நேற்று, வெற்றி, நெற்றி, சுற்றி, பற்றி) கண்ணால் பார்த்தே பழக வேண்டும். ஒண்ணு, மூணு, கன்னு, நின்னான் ஆகியவை ஒன்று, மூன்று, கன்று, நின்றான்.

ஒரே ஒலி, வேறு எழுத்து

ர-ற, ந-ன வேறுபாடு இன்றைய பேச்சில் ஏறக்குறைய இல்லை. ழ பல ஊர்களில் ள-வாகவும், சில ஊர்களில் ய-வாகவும் ஒலிக்கிறது. எனவே “காதைத் தீட்டிக் கேள்” என்பதால் பயன் இல்லை. எழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பதைக் காட்ட வேண்டும்.

ண, ந, ன மூன்றுக்கும் பெயரிலேயே விடை இருக்கிறது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன் வருவது ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). அழகான பெயர்கள், குழந்தைகளுக்குச் சொல்லித்தராமல் விட்டுவிட்டோம். ‘வன்டி’, ‘பன்து’ என்று எழுதும் குழந்தையிடம், “ட-வுக்குத் தோழன் யார்?” என்று கேட்டால் போதும். சொல்லின் தொடக்கத்தில் எப்போதும் ந. ண-வும் ன-வும் தொடங்காது.

ர, ழ இரண்டும் இரட்டிக்காது. ர்ர, ழ்ழ என்று தமிழ்ச்சொல்லுக்குள் வராது. அழுத்தமாக வந்தால் ற்ற. ன்-னை அடுத்து வந்தால் ற. செய்கிறேன், வருகிறான், போகிறது என நிகழ்காலத்தில் வருவதும் ற.

கடைசியில் நிற்கும் எழுத்துகள் இன்னும் எளிது. பன்மைக் ‘கள்’, பெண்ணுக்குரிய ‘வந்தாள்’ இரண்டிலும் ள். இடம் சொல்லும் ‘வீட்டில்’, கருவி சொல்லும் ‘கையால்’ இரண்டிலும் ல். ‘வந்தான்’, ‘வந்தேன்’ இரண்டு சுழி ன். இந்த மூன்றைப் பிடித்துவிட்டால் ஒரு பக்கக் கட்டுரையில் பாதித் தவறு குறையும்.

ழ-வுக்கு நாக்கு முக்கியம். நாக்கை மேலே மடித்து அண்ணத்தைத் தொட்டால் ள. அதே மடிப்பு, தொடாமல் நின்றால் ழ. கண்ணாடி முன் ஐந்து நிமிடம் போதும். வராத குழந்தையை வகுப்பின் முன் நிறுத்திச் சொல்ல வைக்க வேண்டாம். எழுத்தில் ழ வந்தால் சரி. குழந்தையின் புழக்கத்தில் உள்ள ழ-ச்சொற்கள் அதிகம் இல்லை: பழம், மழை, வாழை, தமிழ், ஏழு, எழுது, கீழே, விழு, அழு, குழந்தை, குழம்பு, கோழி, வழி, நிழல், கிழமை, கழுத்து, கிழங்கு, முழு, குழி, மகிழ்ச்சி. வாரம் ஐந்து வீதம் நான்கு வாரத்தில் முடித்துவிடலாம். அடிச்சொல் மாறாது என்பதையும் காட்டுங்கள்: எழுது, எழுத்து, எழுதினாள்.

வலி-வளி-வழி, பனி-பணி, கரை-கறை என்ற இணைப் பட்டியலை ஒன்றிரண்டாம் வகுப்பில் கொடுக்கவே கூடாது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்த குழந்தைக்கு எது எது என்பது நிரந்தரமாகக் குழம்பும். ‘பள்ளி’ உறுதியான பிறகு மூன்று வாரம் கழித்துப் ‘பல்லி’ வரட்டும்.

பெரியவர்களே தவறும் ஒன்று: ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் வராது. எனவே அதற்கு, முயற்சி, பயிற்சி, ஆட்சி, காட்சி. அதற்க்கு, முயற்ச்சி என்பவை பிழை. ய், ர், ழ் ஆகியவற்றுக்குப் பின் வரும்: காய்ச்சல், வளர்ச்சி, வாழ்த்து. நான்காம் வகுப்பில் இதைச் சொல்லலாம். சொற்களுக்கு இடையே வரும் க், ச், த், ப் பற்றியும் அப்போதுதான். அதுவும் ‘அந்தப் பையன்’, ‘பந்தைப் பிடித்தான்’, ‘கடைக்குப் போனாள்’ என்ற மூன்று வகையோடு நிறுத்துங்கள்.

சொல்வதை எழுதுதல்

இதைத் தேர்வாக நடத்தினால் தெரிந்தவர்கள் எழுதுவார்கள், தெரியாதவர்கள் பயப்படுவார்கள். பயிற்சியாக நடத்துங்கள். வாரத்துக்கு எட்டு சொல். எட்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

1. சொல்லைப் பலகையில் எழுதி, பொருளை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்.
2. தவறக்கூடிய எழுத்தைக் குழந்தையே கண்டுபிடித்து வண்ணத்தில் அடிக்கோடிடட்டும்.
3. பார்த்து, கண்ணை மூடி, காற்றில் எழுதட்டும்.
4. சொல்லை மறைத்துவிட்டு நோட்டில் எழுதட்டும்.
5. திறந்து, தானே எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும்.

நான்காவதைத் தவிர்த்துப் பார்த்து எழுதவிட்டால், கை ஓடும், கண் ஓடும், மனத்தில் ஒன்றும் நிற்காது; ‘நேற்று’ என்று பத்து முறை எழுதியவள் ‘நேத்து’க்குத் திரும்புவது இதனால்தான். புதன்கிழமை அதே சொற்களை வரிசை மாற்றியும், வெள்ளிக்கிழமை இரண்டு வாக்கியங்களுக்குள் வைத்தும் சொல்லுங்கள். வாக்கியத்தை முதலில் முழுதாக, பிறகு மூன்று நான்கு சொல்லாகப் பிரித்து, கடைசியில் சரிபார்க்க மறுபடி முழுதாக. ஒரு மாதம் கழித்து இரண்டு பழைய சொல்லைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 30 நிமிடம் போதும்: வடிவப் பயிற்சி 8, சொல் 10, சொந்த வாக்கியம் 12. ஒரே வகுப்பில் பல நிலைக் குழந்தைகள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைகளாகப் பிரிப்பதுபோல, எட்டு சொல்லையும் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொடுங்கள்.

திருத்துவது

ரப்பரைக் குறைத்துவிடுங்கள். தவறான சொல்லின்மேல் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியாக எழுதட்டும். அழித்துவிட்டால் எங்கே தவறுகிறது என்பது உங்களுக்கும் தெரியாது. அந்த வாரம் பழகும் பிழையை மட்டும் திருத்துங்கள், ஒரு பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பிழையின் ஓரத்தில் கை, காது, கண் என்று குறித்து, குழந்தைக்கு ஒரு பக்கம் வீதம் பதிந்து வாருங்கள். மூன்று வாரத்தில் எந்த வகை அதிகம் என்பது தெரிந்துவிடும். வடிவப்பிழையே நிற்காமல் வருகிறது, பலகையைப் பார்த்து எழுதுவதிலும் எழுத்து விடுபடுகிறது என்றால் முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாம் வகுப்பு முடிந்தும் தெரிந்த எழுத்தே நாளுக்கு நாள் மறந்துபோகிறது என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். சோம்பேறி என்ற சொல் அந்தக் குழந்தையின் காதில் விழ வேண்டாம்.

கன்றுக்குட்டிக் கட்டுரைக்கு வருவோம். அவள் நோட்டில் முதலில் “கன்றுக்குப் பெயர் என்ன?” என்று எழுதுங்கள், அவள் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். இந்த வாரம் தொடுவது வெள்ள, மழ, கொட மூன்றை மட்டும்; மூன்றும் ஐகாரத்தில் முடிபவை. ‘மழையில’, ‘கொடையில’ என்று அவளையே சொல்ல வைத்து யி-யைக் காட்டுங்கள். குடையின் கு-வுக்கு இரண்டு வாரம் கழித்து, நெரத்தோடு சேர்த்து வரலாம். அடுத்த மாதம் நேத்து, கன்னு. எங்க, வீட்டுல, இருக்கு, பேஞ்சுது, புடிச்சேன், குடுத்தேன் ஆகியவை அவள் நிறையப் படிக்கப் படிக்க, ‘வாய் – நோட்டு’ பலகையில் ஒவ்வொன்றாக ஏறும். ‘அதற்க்கு’ நான்காம் வகுப்பு வரை காத்திருக்கட்டும்.